மூன்று கால், ஐந்து வாகு

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் மலைச்சாலையை ஒட்டி ஒரு சிறிய முயல் பண்ணை. அதன் உரிமையாளர் இரண்டு வெள்ளை முயல்களைத் தூக்கி மேசைமேல் வைத்தார். இரண்டுக்கும் சிவந்த கண், இரண்டுக்கும் நிமிர்ந்த காது. கிடைத்த வேலிமசாலை இரண்டும் ஒரே அவசரத்தில் மென்றன. "இதுல எது எந்த இனம், சொல்லுங்க பாப்போம்" என்றார். ஒன்றின் காது கொஞ்சம் நீளமோ என்று இழுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து ஒரு முயலின் முதுகில் வைத்து வால்வரை நகர்த்தினார், பிறகு அடுத்ததில். முதல் முதுகு உள்ளங்கைக்குக் கீழே நீண்டுகொண்டே போனது. இரண்டாவதில் கை போன இடமெல்லாம் சதை திரண்டு நின்றது. தோளுக்கும் இடுப்புக்கும் அகலத்தில் பெரிய வித்தியாசமில்லை. "மொத வச்சது வெள்ளை ஜெயன்ட். இது நியூசிலாந்து வெள்ளை. கண்ணு ஏமாத்தும் சார், கை ஏமாத்தாது."

நான் கொங்குப் பக்கத்துக்காரன். மயிலை, செவலை, காரி, பில்லை என்று மாட்டுக்கு நிறத்தை வைத்தே பெயர் சொல்லிப் பழகியவன். சந்தையில் சுழி பார்ப்பார்கள், கொம்பு பார்ப்பார்கள், வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். ஆனால் விவரமானவர்கள் இவ்வளவையும் பார்த்துவிட்டு, கடைசியில் மாட்டை நாலடி நடத்திப் பார்க்காமல் துண்டுக்கடியில் கையை நுழைக்க மாட்டார்கள். நிறம் பெயருக்கு, வாகு விலைக்கு. இந்த வித்தியாசம் எனக்குப் புத்தியில் இருந்தது, கையில் இல்லை. அதைக் கையில் ஏற்றிவிட்டது அந்தப் பண்ணைக்காரர்தான்.

வாகு என்பது நல்ல சொல். எடை, உயரம், நீளம் எதையும் தனித்துக் குறிக்காமல், இவை சேர்ந்து நிற்கும் நிற்பைக் குறிக்கிறது. அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் முயல்களைப் பிரித்துப் பார்க்கும் முதல் வழி இந்த வாகுதான். 1910இல் தொடங்கிய அமைப்பு அது. பூரணத்துவத்தின் அளவுகோல் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தடித்த புத்தகத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. சுமார் ஐம்பது இனங்கள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் நூறு மதிப்பெண். தலைக்கு இத்தனை, காதுக்கு இத்தனை, ரோமத்துக்கு இத்தனை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐம்பது இனங்களும் ஐந்தே ஐந்து வாகுகளுக்குள் அடங்கிவிடுகின்றன: முழு வளைவு, அரை வளைவு, திரட்சி, இறைச்சி வாகு, உருளை.

முழு வளைவு முயலைப் பார்த்தால் நம்மூர் சிப்பிப்பாறை நாய் நினைவுக்கு வரும். பிடரியில் தொடங்கும் வளைவு முதுகு முழுக்க ஏறி இறங்கி வாலடியில் முடிகிறது. கால்கள் நீளம், வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். பெல்ஜியன் ஹேர், இங்கிலீஷ் ஸ்பாட், ரைன்லாண்டர், டேன் ஆகியவை இந்த வகை. ஓடும்போதுதான் இந்த உடல் தன்னைக் காட்டும் என்பதால், இவற்றில் சிலவற்றை மேசைமேல் ஓடவிட்டே நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள்.

அரை வளைவில் தோள்வரை முதுகு தாழ்ந்திருக்கும். வளைவு தோளுக்குப் பின்னால்தான் எழும். வளர்ப்போர் இதைக் கவிழ்த்து வைத்த மேண்டலின் என்பார்கள். மேண்டலின் என்றதும் நம் மனதில் வருவது ஸ்ரீநிவாஸ் கையிலிருந்த தட்டையான மின்சார மேண்டலின். இது அதுவல்ல, முதுகு குடம்போலப் புடைத்த பழைய இத்தாலிய மேண்டலின். பிளெமிஷ் ஜெயன்ட் இந்த வாகு. வளர்ந்த ஆண் 13 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 6 கிலோவுக்குக் குறைந்தால் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

திரட்சி வாகு கைக்குள் அடங்கும் உருண்டை. உடல் நீளம் குறைவு, தோள் இடுப்பைவிடச் சற்றே ஒடுக்கம். நெதர்லாந்து குள்ளன், ஹாலந்து லாப் என்று வீடுகளில் செல்லமாக வளர்பவை பெரும்பாலும் இவைதான். இறைச்சி வாகு இதன் பெரிய அண்ணன்: நீளம் நடுத்தரம், ஆழமும் அகலமும் ஏறக்குறைய சமம், எங்கே அழுத்தினாலும் இறுகிய சதை. நியூசிலாந்து வெள்ளை இதற்கு உதாரணம். பெயரை நம்பி நியூசிலாந்துக்குப் போய்விடக் கூடாது. அந்த இனம் உருவானது அமெரிக்காவில். கறிக்கென்று திரட்டப்பட்ட அந்த வெள்ளை உடல் பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் தோதாகிவிட்டது. 1944இல் ஜான் டிரெய்ஸ் வகுத்த முறைப்படி, அழகுசாதனப் பொருள் எரிச்சல் தருமா என்பதை வெள்ளை முயலின் கண்ணில் விட்டுப் பார்த்தார்கள்.

ஐந்தாவதான உருளையில் ஒரே ஓர் இனம்தான்: இமாலயன். மெல்லிய, நீண்ட, தலைமுதல் வால்வரை ஒரே பருமனான குழாய் உடல். மற்ற முயல்களைக் குந்தவைத்துப் பார்ப்பவர்கள் இதை மட்டும் நீட்டிப் படுக்கவைத்துப் பார்க்கிறார்கள்.

உட்காரவைக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. திரட்சி வாகு முயலின் முன்பாதங்கள் கண்ணுக்கு நேர்கீழே இருக்க வேண்டும், பின்பாதங்கள் இடுப்புக்குக் கீழே. உடலை இழுத்துவிட்டால் உருண்டை காணாமல் போகும். நீள உடலைக் குறுக்கி அமுக்கினால் இல்லாத உருண்டை வந்துவிடும். பயந்த முயல் எதுவானாலும் பந்துபோலத்தான் சுருளும். குட்டிகளோ கணக்கிலேயே வராதவை: வளரும் மாதங்களில் கால் ஒரு பக்கம், காது ஒரு பக்கம் என்று நீண்டு, ஆறு மாதம், பெரிய இனமானால் எட்டு மாதம் கழிந்த பிறகே வாகு நிலைக்கும். அதற்கு முன் இனம் சொல்வது ஜாதகம் கணிப்பதற்குச் சமம்.

நிறத்தை ஏன் கடைசியில் வைக்க வேண்டும் என்பதற்கு இமாலயனைவிட நல்ல சாட்சி கிடையாது. வெள்ளை உடல், மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. கலிபோர்னியன் என்ற இனமும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். படத்தில் தலையை மட்டும் காட்டினால் பலர் தடுமாறிப்போவார்கள். கையில் எடுத்தால் குழப்பமே இல்லை. இமாலயன் 1.1 கிலோவிலிருந்து 2 கிலோவுக்குள் நிற்கும் குழாய். கலிபோர்னியன் 4 கிலோவைத் தாண்டக்கூடிய சதைத் திரள். 1920களில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் வெஸ்ட் என்பவர் இமாலயனையும் சின்சில்லாவையும் நியூசிலாந்து வெள்ளையையும் கலந்து உருவாக்கியது அது. நிறத்தை ஒன்றிடமிருந்தும் உடலை இன்னொன்றிடமிருந்தும் வாங்கிக்கொண்டது.

அந்தக் கறுப்புமே நிலையானது இல்லை. இமாலயனின் நிறமியை உண்டாக்கும் நொதி குளிர்ந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். உடலின் வெப்பம் குறைந்த நுனிகள் கறுக்கின்றன. நடு உடல் வெள்ளையாகவே நிற்கிறது. முதுகில் கொஞ்சம் ரோமத்தை மழித்து அந்த இடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் முளைக்கும் புது ரோமம் கறுப்பாக வரும். இது மரபியல் பாடப்புத்தகங்களில் வரும் பழைய பரிசோதனை. ஒரு குளிர்காலம் மாற்றிவிடக்கூடிய ஒன்றை அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

பெயர்களும் அப்படித்தான். போலிஷ் என்று பிரிட்டனில் அழைக்கப்படும் முயல் மெலிந்த முழு வளைவு. அமெரிக்காவில் போலிஷ் என்றால் உருண்ட திரட்சி. பிரிட்டிஷ் போலிஷ் அமெரிக்காவுக்குப் போனபோது பெயர் மோதியதால் பிரிட்டானியா பெடீட் என்று வேறு பெயர் சூட்டினார்கள். ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் அந்தப் பெடீட்டும், 5 கிலோவுக்குமேல் வளரும் செக்கர்டு ஜெயன்ட்டும் வாகில் ஒரே குடும்பம். எடையும் வாகும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பெயர் செய்த பெரிய குழப்பம் பெல்ஜியன் ஹேர். தமிழில் வயல்வெளியில் ஓடுவதும் கூண்டில் வளர்வதும் முயல்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு பேரினம். நம் புதர்க்காட்டு முயல் ஈனும் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. கூண்டு முயலின் குட்டி ரோமமின்றி, கண் திறக்காமல் பிறக்கிறது. முன்னதற்குக் குரோமோசோம் 48, பின்னதற்கு 44. இரண்டும் கூடிப் பிறந்த வாரிசு கிடையாது. பெல்ஜியன் ஹேர் சந்தேகமே இல்லாமல் கூண்டு முயல். 1874இல் பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த முயல்களைக் காட்டு முயல் சாயலுக்கு வளைத்து வளைத்து வளர்த்தார்கள். செம்பட்டை ரோமம், வில்போன்ற முதுகு, குச்சிக்கால். அந்த வளைவுக்காக 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் ஒரு பைத்தியமே பிடித்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் நூற்றுக்கணக்கான முயல் கொட்டகைகள் முளைத்தன. ஒரு சாம்பியன் முயலுக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை போனது. கறிக்கு உதவாத மெலிந்த உடல். வாங்கியவர்கள் எல்லாரும் அடுத்தவனுக்கு விற்கவே வாங்கினார்கள். சில ஆண்டுகளில் சந்தை சரிந்தது. நம் ஊரில் ஈமு கோழியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பிடிவாதக்காரனைச் சொல்வோம். அந்தப் பழமொழியை அமெரிக்கச் சங்கத்தின் அளவுகோல் புத்தக முகப்பில் அச்சடிக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு வித்தியாசம்: இங்கே பிடித்தவன் மூன்று கால் என்று சொல்வதோடு நிற்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூடவிட்டுக் கழித்து, முயலை மூன்று காலில் நிற்கவைத்தே விடுகிறான்.

இங்கிலீஷ் லாப் முயலின் காதை நுனியிலிருந்து நுனிவரை அளந்தால் 21 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நடக்கும்போது தன் காதைத் தானே மிதிக்கும் முயல் அது. டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்பு உயிரினங்கள் பற்றிய நூலில் முயல்களுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். மண்டையோடுகளை வரிசையாக வைத்து அளந்தவர், தொங்கும் காது மண்டையோட்டு எலும்பையே மாற்றியிருப்பதைக் கண்டார். ஒரு காது மட்டும் தொங்கிய முயல்களில் மண்டையோட்டின் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. மனிதன் ஆசைப்பட்டது காதுக்கு; எலும்பும் சேர்ந்து வளைந்துகொடுத்தது.

நெதர்லாந்து குள்ளனின் கணக்கு இதைவிடக் கொடியது. ஏறத்தாழ 1.1 கிலோவுக்குள் நிற்க வேண்டிய அந்த உருண்டைக்குக் காரணம் ஒரு மரபணுவின் துண்டு காணாமல் போனது. அது எந்த இடம் என்பதை 2017இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குறைபட்ட பிரதி ஒன்று இருந்தால் மேடைக்கு ஏற்ற குள்ளன். இரண்டும் குறைபட்டதாக வந்தால் குட்டி பிறந்து சில நாளில் செத்துவிடும். அப்படிப்பட்ட குட்டிகளுக்கு வளர்ப்போர் வைத்திருக்கும் பெயர் வேர்க்கடலை. இரண்டு நல்ல குள்ளன்களைக் கூடவிட்டால் சராசரியாகக் கால் பங்கு வேர்க்கடலை, கால் பங்கு அளவு மீறியவை; பாதிதான் புத்தகத்துக்கு ஒத்துவரும். எத்தனை தலைமுறை போனாலும் இந்தப் பங்கு மாறாது. பூரணத்துவம் என்று அச்சடித்த பக்கம் ஒவ்வோர் ஈற்றிலும் தனக்குரிய சாவை வாங்கிக்கொண்டே இருக்கிறது.

எனவே ஒரு முயலின் வாகைப் படிக்கும்போது நாம் படிப்பது முயலை இல்லை. கறி வேண்டும் என்று சொன்ன கை, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன கை, மேடையில் ஓட வேண்டும் என்று சொன்ன கை: இந்தக் கைகளின் தடத்தைப் படிக்கிறோம். பண்ணைக்காரர் சொன்னதை நான் சற்று மாற்றிச் சொல்வேன். கை ஏமாற்றாமல் இருப்பதற்குக் காரணம், அது இன்னொரு கை செய்ததைத் தொடுகிறது என்பதுதான்.

இதைச் சொல்லும்போது ஒரு சொல் இடறுகிறது. முயலின் வகைக்கும் இனம் என்கிறோம், மனிதக் கூட்டத்துக்கும் இனம் என்கிறோம். இந்தச் சொல் இரட்டை வேலை பார்ப்பது வெறும் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை. சென்னை அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நடத்திய எட்கர் தர்ஸ்டன், அளவுகருவியோடு தென்னிந்தியாவைச் சுற்றி, மக்களின் தலையையும் மூக்கையும் சாதிவாரியாக அளந்தார். அந்த வேலையின் விளைச்சல் 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தது. மூக்கின் அகலத்தை வைத்துச் சாதியின் உயரத்தைச் சொல்லிவிடலாம் என்று வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

முயல் மேடையில் செல்லுபடியாகும் அளவுகோல் மனிதன்மேல் ஏன் செல்லாது என்பதற்கு விடை முயலிடமே இருக்கிறது. முயலின் வாகு அளக்கத்தக்கதாக இருப்பது, அதை அளவுக்கு வெட்டி வளர்த்ததால்தான். புத்தகம் முதலில் வந்தது, உடல் பிறகு வந்தது. கூண்டைப் பூட்டி, யாரோடு யார் கூட வேண்டும் என்று எழுதிவைத்து, ஒவ்வாததைக் கழித்துக்கட்டினால்தான் அந்த ஒழுங்கு நிற்கும். பூட்டைத் திறந்துவிட்டால் சில தலைமுறையில் கரைந்துபோகும். தர்ஸ்டனின் கருவி, யாரும் வளர்த்தெடுக்காத உடல்களில் வளர்ப்பு முயலின் ஒழுங்கைத் தேடியது. அதைச் செய்ய அவருக்கு நம் ஊரில் வசதியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு: யாரோடு யார் கூட வேண்டும் என்று விதி எழுதிவைத்தவர்கள் இங்கே அவருக்கு முன்பே இருந்தார்கள். அகமண விதி உடலை மாற்றிவிடவில்லை. கூண்டு இருந்தது, இனம் உண்டாகவில்லை. அதுதான் அந்த ஏழு தொகுதிகளின் அளவுகள் சொல்லாமல் விட்ட செய்தி.

முயல் வளர்ப்பின் தோற்றத்துக்கே ஒரு மூன்று கால் கதை உண்டு. கி.பி. 600 அளவில் போப் கிரெகரி, பிறக்காத முயல்குட்டியை நோன்புக் காலத்தில் உண்ணலாம் என்று அனுமதித்தார், அதனால் பிரெஞ்சுத் துறவிகள் முயலைக் கூண்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பல நூல்கள் எழுதின. 2018இல் ஆய்வாளர்கள் மூலத்தைத் தேடிப்போனபோது, அப்படி ஓர் அனுமதியே கிடையாது என்று தெரிந்தது. டூர் நகரத்து கிரெகரி எழுதிய ஒரு குறிப்பை யாரோ போப் கிரெகரியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். முயல் ஒரே நாளில் வளர்ப்பு விலங்காகிவிடவில்லை. ஐபீரியக் காடுகளில் வேட்டையாடப்பட்டு, அடைக்கப்பட்டு, கடத்தப்பட்டு, மெல்ல மெல்லக் கூண்டுக்கு வந்தது. ஐந்து வாகுகளில் பெரும்பகுதி கடந்த இருநூறு சொச்சம் ஆண்டுகளின் வேலை.

வீட்டில் ஒரு முயல் இருக்கிறது, அது என்ன இனம் என்று கேட்பவர்கள் உண்டு. வரிசை எளிது: முதலில் சமதளத்தில் பயமில்லாமல் உட்காரவிட்டு முதுகின் கோட்டைப் பாருங்கள்; அடுத்து எடை; பிறகு ரோமத்தின் தன்மை; அதன்பின் காது; கடைசியில்தான் நிறம். ஆனால் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய முயலானால், இவ்வளவும் பார்த்தபின் கிடைக்கும் நேர்மையான விடை பெரும்பாலும் கலப்பு என்பதாகத்தான் இருக்கும். அதில் குறையென்று ஏதுமில்லை. அதற்கு வேர்க்கடலை பிறக்கும் வாய்ப்பாவது குறைவு.

டார்வினின் அத்தியாயத்தில் இன்னொரு கூட்டமும் வருகிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியக் கப்பலொன்றில் போன பெண் முயல் வழியிலேயே குட்டி போட்டது. குடும்பத்தோடு அதை மதெய்ரா அருகிலுள்ள போர்ட்டோ சாண்டோ தீவில் விட்டார்கள். அங்கே அளவுகோல் இல்லை, நடுவர் இல்லை, மேசை இல்லை. நானூறு சொச்சம் ஆண்டு கழித்து டார்வின் அவற்றின் வாரிசுகளை எடைபோட்டபோது, அவை இங்கிலாந்துக் காட்டு முயலில் ஏறத்தாழ பாதி எடையே இருந்தன. முதுகு செம்மை படிந்திருந்தது. லண்டன் விலங்கியல் தோட்டத்தில் வைத்த இரண்டில் ஒன்றின் நிறம், நான்கு ஆண்டு முடிவதற்குள் சாதாரண முயலின் நிறத்துக்குத் திரும்பியது. யாருடைய ஆசையும் தொடாத அந்த முயல்களுக்கு எந்தப் புத்தகத்திலும் மதிப்பெண் கிடையாது. நான்கு கால் இருந்தது.